கடற்கரைக்கும் மலைக்கும் ஒரே காற்றுத் தலையணை: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ராமநாதபுரத்தில் இருக்கும் நீங்கள் இந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகில் போய் ஓர் இரவு அங்கே தங்கப் போகிறீர்கள். பிறகு நண்பர்களோடு கொடைக்கானல் பக்கம் முதுகுப்பை சுமந்து நடந்து கூடாரத்தில் படுக்கும் திட்டமும் இருக்கிறது. இடையிடையே வேலை நிமித்தமாகச் சென்னைக்கு ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் போய்வருகிறீர்கள். இவை மூன்றுக்கும் பொருந்துகிற, ஊதிப் பயன்படுத்தும் எடை குறைந்த தலையணை எது, சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதற்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்பதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு, ஒருக்களித்துப் படுக்கும் உங்களுக்கு எது ஒத்துவரும், கழுத்து வலி உள்ள அம்மாவும் ரயிலில் அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலின் சாரம் இதுதான்: எடையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் உயரத்தையும், அடுத்து வால்வையும், அதற்கடுத்துத் தலை படும் துணியையும் பார்த்துவிட்டு, இந்த மூன்றும் சரியாக அமைந்தவற்றுள் எது லேசானதோ அதை வாங்குங்கள். விற்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் கிராம் கணக்குத்தான் இருக்கும். நல்ல காற்றுத் தலையணைகள் பெரும்பாலும் 60 கிராமிலிருந்து 120 கிராமுக்குள் முடிந்துவிடுகின்றன. மிக லேசானதற்கும் சற்றே கனமானதற்கும் இடையிலுள்ள 40 கிராம் என்பது 40 மில்லி தண்ணீரின் எடை. நம் கடற்கரையில் ஒரு பகல் நடக்க மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் சுமக்கிற ஒருவர் ஒரு மடக்குத் தண்ணீருக்குச் சமமான எடையை மிச்சப்படுத்துவதற்காக இரவு முழுவதும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது சரியான கணக்கு ஆகாது.

உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காற்றுத் தலையணை வாங்கி ஒரே இரவில் வெறுத்துப் போனவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மல்லாந்து படுப்பவருக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் போதும். குப்புறப் படுப்பவருக்கு அதிலும் குறைவாக, ஐந்து சென்டிமீட்டர் அளவில் இருந்தாலே போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் விளிம்பிலிருந்து காது வரையுள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும். அது ஆளைப் பொறுத்து 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வரும். வீட்டிலேயே இதை அளந்துவிடலாம். சுவரில் ஒரு பக்கத் தோள் படும்படி நிமிர்ந்து நின்று, தலையைச் சாய்க்காமல் நேராக வைத்துக்கொண்டு, சுவருக்கும் காதுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொருவரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அந்த அளவோடுதான் கடைக்குப் போக வேண்டும்.

அந்த அளவை எங்கே படுக்கிறீர்கள் என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டு மெத்தையில் தோள் கொஞ்சம் அமுங்கும், ஆகவே தலையணை தாழ்வாக இருந்தாலும் தெரியாது. ரயில் பெர்த்திலும் பாயிலும் தோள் அமுங்குவதில்லை என்பதால் முழு உயரமும் வேண்டியிருக்கும். மணலில் இதற்கு நேர்மாறான ஒரு வசதி உண்டு: பாயை விரிக்கும் முன் தோள் வரும் இடத்தில் இரண்டு கைப்பிடி மணலை அள்ளி எடுத்துவிட்டு, இடுப்பு வரும் இடத்திலும் அதேபோல் லேசாகக் குழித்துவிட்டால், பத்து சென்டிமீட்டர் தலையணையே ஒருக்களித்துப் படுக்கப் போதுமானதாகிவிடும். கச்சத்தீவில் இதைச் செய்து பாருங்கள். பாயை விரித்த பிறகு நினைவு வந்தால் எழுந்து செய்ய மனம் வராது என்பதால் முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

பெட்டியில் எழுதியிருக்கும் உயரம் முழுக்க ஊதி, மேலே எதுவும் வைக்காமல் அளந்த உயரம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். காற்றுத் தலையணையை யாரும் முழுக்க ஊதிப் படுக்கக் கூடாது. அப்படி ஊதினால் அது பந்தைப் போல் விறைத்துக்கொண்டு, தலையை நடுவில் நிற்கவிடாமல் ஒரு பக்கமாக உருட்டிவிடும். முழுக்க ஊதியபின், படுத்த நிலையிலேயே வால்வைச் சிறிது அழுத்திக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கன்னம் பதிந்து காது வலிக்காமல் இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் எழுதியிருக்கும் உயரத்தில் கணிசமான பங்கு குறைந்திருக்கும். ஆகவே உங்கள் அளவு 12 சென்டிமீட்டர் என்றால், 12 என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு அதைவிடத் தாராளமாக இருப்பதையே எடுங்கள். காற்றைக் குறைக்க எப்போதும் முடியும், இல்லாத உயரத்தைக் கூட்ட முடியாது.

வடிவத்தில் இரண்டு விஷயங்கள் போதும். நடுவில் தலை பதியக் குழிவும் இரு ஓரங்களில் சற்று மேடும் இருந்தால் தலை நழுவாது. கீழ்விளிம்பு தோளுக்கு இடம்விட்டு உள்வளைந்திருந்தால் ஒருக்களித்துப் படுக்கும்போது தோள் தலையணையைத் தள்ளிக்கொண்டே இருக்காது. நீளவாட்டில் வரப்பு வரப்பாகத் தைத்ததுபோல் இருப்பவை தட்டையாக நிற்கும் என்றாலும், அந்த வரப்புகளில் ஒன்று காதின் மேல் வந்து உட்காரும். எனக்கு அவை பிடிப்பதில்லை.

இனி விலை வேறுபாட்டுக்கு வருகிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிவிசி தாளால் ஆனவை. மேலே வெல்வெட் போல ஒரு பூச்சு இருக்கும். விலை கூடியவை பாலியெஸ்டர் அல்லது நைலான் துணியின் பின்புறம் டிபியு என்னும் நெகிழ்வான பிளாஸ்டிக் படலத்தை ஒட்டிச் செய்தவை. பிவிசி கனமானது, புதிதாக வாங்கும்போது வாடை அடிக்கும், மலைக் குளிரில் விறைக்கும், மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்தால் அந்தக் கோட்டில் வெடிப்பு விடும். டிபியு லேசானது, குளிரிலும் நெகிழும், கையளவுச் சுருளாகச் சுருண்டுவிடும். துணியின் கனத்தை டெனியர் என்ற அளவில் எழுதியிருப்பார்கள். 9,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். ஆஸ்திரேலிய நிறுவனமான ஸீ டு சம்மிட் செய்யும் ஏரோஸ் வகையில் 20 டெனியர் துணியில் சுமார் 60 கிராம் எடையுள்ள ஒன்றும், 50 டெனியர் துணியில் சுமார் 80 கிராம் எடையுள்ள இன்னொன்றும் உண்டு. நம் ஊர் நிலத்தில் படுக்கப் போகிறவர் அந்த 20 கிராமைத் தாராளமாகச் சுமக்கலாம். டிபியு படலமும் அதே டெனியர் துணியும் உள்ள மலிவான தயாரிப்புகளும் கிடைக்கின்றன. நிறுவனப் பெயரைவிட டிபியுவா, எத்தனை டெனியர், என்ன வால்வு என்று கேட்டு வாங்குங்கள்.

டிபியுவிலும் ஒரு நுணுக்கம் நம் கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் முக்கியமானது. பாலியெஸ்டர் அடிப்படையிலான டிபியு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் தண்ணீரோடு வினைபுரிந்து சிதையும்; படலம் பிசுபிசுத்துப் பிறகு துணியை விட்டு உரிந்து வரும். பாலியீதர் அடிப்படையிலானது இதை நன்றாகத் தாங்கும். ஆண்டின் பெரும்பகுதி புழுக்கத்தில் இருக்கும் மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வீட்டுப் பரணில் சுருட்டிப் போட்ட தலையணை, ஒருமுறைகூடக் குத்துப்படாமலே கெட்டுப்போவதற்கு இது ஒரு காரணம். விவரக் குறிப்பில் எந்த வகை என்று எழுதியிருந்தால் பார்த்து வாங்குங்கள். எழுதாவிட்டால் சுருட்டி வைக்காமல் வால்வைத் திறந்து, நிழலில், தட்டையாக வைத்துப் பாதுகாப்பதே வழி.

தலை படும் துணிக்கு வருவோம். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் மதிப்புரைகளில் வியர்வையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நமக்கோ அதுதான் பெரிய விஷயம். வழவழப்பான துணியில் கன்னம் ஒட்டும், புரண்டு படுக்கும்போது கிரீச்சென்று சத்தம் கேட்கும். வெல்வெட் பூச்சு தொடும்போது மென்மையாக இருந்தாலும், கடற்கரையில் ஒரே ஓர் இரவு அதை வைத்துப் படுத்துவிட்டு மறுநாள் வெயிலில் சாய்த்துப் பார்த்தால், அந்த மென்மயிர்களின் அடியில் பொடி மணல் வரிசையாக ஏறி உட்கார்ந்திருப்பது பளபளவென்று தெரியும். தட்டினாலும் உதறினாலும் போகாது, அடுத்த இரவு முழுக்கக் கன்னத்தை உராய்ந்துகொண்டே இருக்கும். லேசாகச் சுரண்டிவிட்டதுபோன்ற பரப்புள்ள பாலியெஸ்டரோ, கழற்றித் துவைக்கும் உறையோ உள்ளதை வாங்குவது நல்லது. அதற்கும் மேலாக, எதை வாங்கினாலும் ஓர் ஈரிழைத் துண்டை அதன் மேல் சுற்றி இரு முனைகளையும் அடியில் முடிந்துவிடுங்கள். வியர்வையை உறிஞ்சும், தலையில் தேய்த்த எண்ணெய் தலையணையில் படாமல் காக்கும், காலையில் அலசி முதுகுப்பையின் மேல் போட்டுக்கொண்டு நடந்தால் காய்ந்துவிடும். துண்டை எப்படியும் எடுத்துப் போகிறீர்கள் என்பதால் இது கூடுதல் எடையும் இல்லை. துண்டின் சொரசொரப்பு தலையணையைப் பாயின் மேல் வழுக்காமலும் நிறுத்திவைக்கும்.

வால்வில் மூன்று வகைகளைப் பார்ப்பீர்கள். கடற்கரைப் பொம்மைகளில் இருப்பதுபோல் ஊதி, விரலால் கிள்ளி, மூடியைச் செருகும் வகை. திருகித் திறந்து மூடும் வகை. உள்ளே ஒரு மெல்லிய மடல் வைத்து, ஊதும் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத ஒருவழி வகை. கடைசி வகையையே வாங்குங்கள். அதிலும் இரண்டு அடுக்காக இருப்பதே சிறந்தது: மேல் மூடியைத் திறந்தால் ஊதலாம், மடலை விரல் நுனியால் தொட்டால் கொஞ்சமாகக் காற்று விடலாம், அடி மூடியையே திறந்தால் ஒரே நொடியில் மொத்தக் காற்றும் வெளியேறும். இருட்டில், படுத்தபடி, தலையணையை எடுக்காமலே காற்றைச் சரிசெய்ய முடிவதுதான் இதன் பெரும்பயன். இந்த மடலுக்கு ஒரே எதிரி மணல். ஒரு மணல் துணுக்கு மடலுக்கும் அது பதிந்து மூடும் விளிம்புக்கும் நடுவில் சிக்கினால் போதும், காற்று மெல்லக் கசிந்து விடியுமுன் தலை தரையைத் தொட்டுவிடும். தலையணையில் ஓட்டை என்று நினைத்துப் பலர் தூக்கிப் போடுவது இப்படித்தான். மடலை விரலால் விலக்கி, குடிதண்ணீரை ஊற்றிக் கழுவி, ஓங்கி ஒருமுறை ஊதிவிட்டுப் பிறகு மூடுங்கள். ஊதும் முன்னும் வால்வின் வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள், ஊதி முடித்ததும் வால்வு கீழே மணலைப் பார்க்காமல் மேல்பக்கமாக இருக்கும்படி வையுங்கள்.

காலையில் தலையணை தொய்ந்திருந்தால் அது கசிவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வாயிலிருந்து வரும் காற்று ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தில் இருக்கும்; அது சுற்றுப்புற வெப்பத்துக்குக் குளிரும்போது சுருங்கும். நம் கரையில் 28 டிகிரி இரவில் இந்தச் சுருக்கம் 2 சதவீதம்தான், உணரவே மாட்டீர்கள். கொடைக்கானலில் 10 டிகிரி இரவில் அது 8 சதவீதத்தை நெருங்கும். தலை தாழ்ந்துபோனது நன்றாகவே தெரியும். அங்கே ஊதியவுடன் படுக்காமல், கூடாரம் அடித்த கையோடு ஊதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். படுக்கும் நேரத்தில் இரண்டு மூச்சு கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. ராமநாதபுரத்தில் ஊதி மூடிய தலையணையோடு பேருந்தில் மலை ஏறினால், வளைவுக்கு வளைவு அது விறைத்துக்கொண்டே போகும், தையல்போல் ஒட்டியிருக்கும் விளிம்புகள் இழுபடும். விமானத்திலும் இதே கதைதான். பயணிகள் அறையின் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஏறும்போது பாதி மட்டும் ஊதியிருந்தால் சிக்கல் இல்லை. வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடி அருகே ஊதிய தலையணையை விட்டுப்போவது இதைவிடக் கெடுதல்.

கச்சத்தீவில் ஆள் குடியிருப்பும் குடிநீரும் இல்லை, திறந்த வெளியில் காற்றும் பனியும் படப் படுக்க வேண்டியிருக்கும். அங்கே எழுபது, எண்பது கிராம் எடையுள்ள ஒரு காற்றுப்பை, தலையை எடுத்த கணமே பறந்துவிடும். இரவில் எழுந்து போகிறவர் திரும்பி வரும்போது தலையணை இருக்க வேண்டுமானால், தலையணை ஓரத்தில் உள்ள வளையத்தில் ஒரு கயிற்றைக் கட்டி முதுகுப்பையோடு இணைத்துவிடுங்கள். வளையம் இல்லாத தலையணைகளும் விற்கின்றன. நம் பாம்பன் காற்றைத் தெரிந்தவர் அதை வாங்க மாட்டார்.

முள்ளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் மாவட்டத்தில் நிழல் என்று தேடினால் பெரும்பாலும் உடைமரமோ சீமைக் கருவேலமோதான் கிடைக்கும், இரண்டின் அடியிலும் மணலில் புதைந்த காய்ந்த முள் இருக்கும். 50 டெனியர் என்ன, 100 டெனியர் துணியும் அதைத் தாங்காது. பனையடியில் படுத்தாலும் மட்டையின் கருக்கு கிடக்கிறதா என்று பாருங்கள். கையால் ஒருமுறை மணலை அளைந்து பார்த்துவிட்டு, பாயை விரித்து, அதன் மேலேயே தலையணையை வையுங்கள். பாயைத் தாண்டி அது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எழுந்திருக்கும்போது முழங்கையை அதன் மேல் ஊன்றி எழுவதும் விளிம்பைப் பிரித்துவிடும்.

ஓட்டை விழுந்தால் சோப்பு நுரை தடவியோ வாளித் தண்ணீரில் அமுக்கியோ குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, நன்றாகக் காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, டிபியு ஒட்டுத்தாளை வைத்து அழுத்துங்கள். சைக்கிள் கடையில் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் ரப்பருக்கானது, டிபியுவில் சரியாகப் பிடிக்காது. ஃபெவிக்விக் போன்ற பசை காய்ந்ததும் விறைத்து, மடிக்கும்போது உடைந்து, ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பிவிசி தலையணைக்குப் பிவிசி பசைதான் வேண்டும். துணியின் நடுவில் விழுந்த ஓட்டையை இப்படி அடைத்துவிடலாம். ஒட்டு விளிம்பில் விட்டுப்போனால் திருத்தி நிற்பது அரிது, உத்தரவாதம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கொசுவிரட்டி தடவிய கையோடு தலையணையைத் தொடாமல் இருப்பதும் நல்லது, டீட் என்னும் பூச்சிவிரட்டி வேதிப்பொருள் கலந்தவை சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

திரும்பி வந்ததும் வால்வை மூடி, மென்மையான சோப்பில் கையால் கசக்காமல் தடவிக் கழுவுங்கள். வீட்டு போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் அலசாதீர்கள், குடிநீரில் அலசுங்கள். துணியில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசப்பாகவே வைத்திருக்கும். உள்ளே ஊதிய மூச்சின் ஈரம் சொற்பமானது, ஆறு லிட்டர் மூச்சில் கால் கிராம் தண்ணீர்கூட இருக்காது. ஆனாலும் அது வெளியேறாமல் பல பயணங்களாகச் சேர்ந்தால் பூஞ்சை வாடை வந்துவிடும் என்பதால், கழுவியபின் வால்வைத் திறந்து ஓரிரு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்துவிடுங்கள்.

துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டால் போதாதா என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கொடைக்கானலில் போதும், குளிருக்கு எடுத்துப் போகும் ஜாக்கெட்டை ஒரு பையில் திணித்தால் நல்ல தலையணை. நம் கடற்கரையில் எடுத்துப் போவதே இரண்டு சட்டை, அவையும் வியர்வையில் நனைந்திருக்கும் என்பதால் அந்த யோசனை இங்கே உதவாது. கழுத்தைச் சுற்றி மாட்டும் பிறைவடிவத் தலையணை உட்கார்ந்து போகும் பேருந்துக்கு உரியது, படுக்கைக்கு உதவாது. அதை வாங்கினால் பின்பக்கம் மெல்லியதாகவும் பக்கவாட்டில் உயரமாகவும் இருப்பதைப் பாருங்கள், பின்பக்கம் தடித்திருந்தால் தலையை முன்னால் தள்ளும்.

அம்மாவுக்கு மட்டும் காற்றுத் தலையணை வேண்டாம் என்பது என் கருத்து. ஏசி பெட்டியில் ரயில்வேயே தலையணை தந்துவிடும், ஸ்லீப்பரில் பொதுவாகக் கிடையாது. அவர் அதை முதுகில் சுமந்து நடக்கப் போவதில்லை, ஆகவே எடைக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. காற்றின் மேல் தலை எப்போதும் லேசாக அசைந்துகொண்டே இருக்கும், ரயிலின் ஆட்டத்தில் அது இன்னும் கூடும், வலியுள்ள கழுத்து அதைச் சமாளிக்க இரவு முழுவதும் இறுகியே இருக்கும். ஃபோம் துண்டுகளை அடைத்த, அமுக்கிச் சுருட்டக்கூடிய பயணத் தலையணையோ, உள்ளே காற்றும் மேலே ஃபோம் அடுக்கும் உள்ள கலப்பு வகையோ அவருக்குப் பொருந்தும். வீட்டில் அவர் வலியில்லாமல் படுக்கும் தலையணையின் மேல் அவர் தலை வைத்திருக்கும்போது படுக்கைப் பரப்பிலிருந்து எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்து, அதே உயரத்துக்கு வாங்குங்கள். மருத்துவர் ஏற்கெனவே உயரம் ஏதும் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிக்கெட் எடுக்கும்போது அவருக்குக் கீழ் பெர்த் கேட்டு வாங்கிவிடுங்கள்.